கோவா பொம் ஜேசு பேராலயம்: கட்டடமும் உள்ளணியும்

மலாக்காக் குன்றின்மேல் கூரையிழந்து நிற்கும் புனித பவுல் ஆலயத்தை நம் ஆசிரியர்கள் பலர் அறிவர். 1521இல் துவார்த்தே கொயெல்லோ எழுப்பிய அச்சிற்றாலயம் 1548இல் இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய புனித சவேரியாரின் உடல் 1553இல் சில மாதங்கள் அங்கு அடக்கம் செய்யப்பட்டிருந்தது. பாகான் டாலாமிலிருந்து மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் காட்டக்கூடியவை வெறுஞ்சுவர்களும் கல்லறைப் பலகைகளுமே. பீடமோ மறையுரை மேடையோ அங்கில்லை. அத்தகைய ஆலயமொன்று உள்ளே எவ்வாறு அமைந்திருக்கும் என்பதை அறிய, அவ்வுடல் இன்று வைக்கப்பட்டிருக்கும் பழைய கோவாவின் பொம் ஜேசு பேராலயத்தையே நாட வேண்டியுள்ளது.

இயேசு சபைத் துறவியர் இல்லத்தோடு இணைந்த இவ்வாலயத்தின் கட்டுமானம் 1594இல் தொடங்கியது. 1605இல் அது அருட்பொழிவு செய்யப்பெற்றது. முகப்பில் மூன்று வாயில்கள், அவற்றின்மேல் மூன்று பெருஞ்சாளரங்கள், அதற்கும் மேல் மூன்று வட்டச் சாளரங்கள் என அடுக்குகள் எழுகின்றன. உச்சியில் இயேசு நாமத்தின் மூவெழுத்து முத்திரை பொறிக்கப்பட்டுள்ளது. முகப்பின் இருபுறமும் கோபுரங்கள் இல்லை. மணிக்கூண்டு பின்புறத்தே நிற்கிறது. சுவர்கள் செம்புராங்கல்லால் ஆனவை. முகப்பின் செதுக்கு வேலைகள் வசையிலிருந்து கொணரப்பட்ட கரிய பசால்ட் கல்லில் அமைந்தவை.

உள்ளே தூண் வரிசைகளால் பிரிக்கப்படாத ஒற்றைப் பேரவை. இவ்வெளி பெரிதும் எளிமையானது. பார்வை தடையின்றிப் பீடத்தை அடையவும், மறையுரை எங்கும் கேட்கவும் இயேசு சபையார் விரும்பிய அமைப்பு இது. அணிவேலை முழுவதும் பொன்முலாம் பூசிய பீடச்சுவரில் திரண்டுள்ளது. அங்குக் குழந்தை இயேசுவுக்கு மேலே புனித இஞ்ஞாசியாரின் பேருருவம் மேல்நோக்கிய கண்களோடு நிற்கிறது. அவர் நோக்குவது கதிர் வீசும் அம்மூவெழுத்து முத்திரையை. அதற்கும் மேலே மூவொரு கடவுள். படியேறும் இவ்வரிசையே எழுத்தறியாதவர்க்கும் பாடமாக அமைந்தது.

மரத்தாலான மறையுரை மேடையில் இயேசு, நற்செய்தியாளர் நால்வர், மறைவல்லுநர் ஆகியோரின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அடியில் ஏழு உருவங்கள் மேடையைத் தாங்குகின்றன. தேரின் அடித்தட்டுச் சிற்பங்களைக் கண்டு பழகிய தமிழ்க் கண்ணுக்கு இத்தாங்குருவங்கள் அந்நியமாய்த் தோன்றா. ஆயினும் ஐரோப்பிய மேடைகளிலும் இவ்வழக்கு உண்டாகையால், இதனை மட்டும் கொண்டு உள்நாட்டு மரபின் செல்வாக்கை நிறுவிவிட இயலாது.

வெள்ளிப் பேழையின் நிலை வேறு. அது 1637இல் கோவாப் பொற்கொல்லர் கைகளில் உருவானது. சவேரியாரின் வாழ்க்கை நிகழ்வுகள் வெள்ளித் தகடுகளில் புடைப்பாக அமைக்கப்பட்டுள்ளன. அப்பேழையைத் தாங்கும் பளிங்கு மேடையோ தஸ்கனிக் கோமகன் மூன்றாம் கோசிமோவின் கொடை. பிளாரன்சுச் சிற்பி போஜினி உருவாக்கிய அது 1698இல் இங்கு நிறுவப்பட்டது. கீழே இத்தாலியப் பளிங்கு, மேலே கோவா வெள்ளி: முன்னதைப் பற்றி விரிவாக எழுதும் நூல்கள் பின்னதைச் செய்தோரை ஓரிரு சொற்களில் கடந்துவிடுவது எமக்கு உடன்பாடன்று.

இன்று காண்போர் இவ்வாலயத்தைச் செந்நிறக் கட்டடமாகவே அறிவர். அது பழைய தோற்றமன்று. சுவர்களை மூடியிருந்த சுண்ணாம்புப் பூச்சு 1950களின் தொடக்கத்தில், போர்த்துகீசியர் ஆட்சிக்காலப் புதுப்பிப்பின்போது, பழமை தெரிய வேண்டும் என்னும் நோக்கில் நீக்கப்பட்டது. செம்புராங்கல் நுண்துளைகள் மிக்கது. கோவாவின் பருவமழையில் நீரை உறிஞ்சி அரிக்கப்படுவது. பூச்சு அதற்கு ஒப்பனையன்று, காப்பு. வெண்சுவரின் நடுவே பசால்ட் வேலைப்பாடு தனித்துத் தெரியவேண்டும் என்பதும் கட்டியோரின் கருத்தாக இருந்திருக்கலாம்.

மீண்டும் பூச்சிட வேண்டும் என்னும் கோரிக்கை 2020இல் ஆலயப் பொறுப்பாளரிடமிருந்தே எழுந்தது. செந்நிறமே உலகறிந்த அடையாளம் என்போர் அதனை ஏற்கத் தயங்குவர். பூச்சிடுவதே தக்கது என்பது எமது கருத்து. எழுபதாண்டுப் பழக்கமான அந்நிறத்தைக் காக்கப்போய் நானூறாண்டுச் சுவரை மழைக்குக் கொடுக்க வேண்டியதில்லை. சுவர் கரைந்து ஈரம் உட்புகின், முதலில் கெடுவது அச்சுவரைச் சார்ந்து நிற்கும் மரப்பீடங்களே.