நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்த ஆசிரியை

அரசர்களும் கவிஞர்களும் துயிலும் இலண்டன் வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்திலே தோமஸ் பார் என்னும் நாட்டுப்புறக் கிழவருக்கும் ஒரு கல்லறை உண்டு. 1635ஆம் ஆண்டு மறைந்த அவருக்கு வயது 152 என்று அக்கல்லிலே பொறித்திருக்கிறார்கள். மன்னரின் ஆணைப்படி அவருடலை அறுத்து ஆராய்ந்தவர், குருதிச் சுற்றோட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி. மேதை தொட்ட உடல்தான். ஆயினும் அந்த 152ஐ வரலாறு ஏற்கவில்லை. பிறந்த ஆண்டுக்குச் சான்றான எழுத்து எதுவும் இல்லை.

நேயர்களே, சார்லற் ஹியூஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் கதை வேறு. 1877 ஓகஸ்ட் 1ஆம் திகதி, வடகிழக்கு இங்கிலாந்தின் துறைமுக நகரான ஹார்ட்ல்பூலில் அவர் பிறந்தார். அந்நாட்டில் பிறப்புப் பதிவு 1837இல் தொடங்கியதெனினும், பதியத் தவறும் பெற்றோருக்குத் தண்டம் என்ற விதி 1875இலேதான் நடைமுறைக்கு வந்தது. அவர் பிறந்ததோ அதற்கு இரண்டாண்டுகள் கழித்து. பதிவாளரின் புத்தகத்திலே ஒரு வரி! நாள்தோறும் வரவு இடாப்போடு மாரடிக்கும் எனக்கு, அந்த வரியின் பெறுமதி ஹார்வியின் கத்தியிலும் பெரிதாகவே தோன்றுகிறது.

அவரும் ஆசிரியைதான். பிரித்தானியப் பெண்கள் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமையை, அதுவும் முப்பது வயதைக் கடந்தவர்களுள் ஒரு பகுதியினர் மட்டும், 1918இல் பெற்றபோது அவருக்கு வயது நாற்பது. ஓய்வு பெற்றபின், உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், தமது 63ஆவது வயதில், ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரை மணந்தார். வேடிக்கைச் செய்தியாகப் படித்துவிட்டு நகரக்கூடிய விஷயம்தான். ஆனால் அந்நாளில் இங்கிலாந்தின் உள்ளூராட்சிச் சபைகள் பல, திருமணமான பெண்ணை ஆசிரியப் பணியில் வைத்திருப்பதில்லை. தாலியா, தொழிலா என்று நம்மூரார் கேட்பதுபோலத்தான் அங்கும். கற்பிப்பதே வாழ்வென எண்ணிய எத்தனையோ பெண்கள் தனித்தே முதுமையடைந்தார்கள். அத்தடையை நீக்கியது 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். அப்போது நம் ஆசிரியை ஓய்வூதியக்காரர்; மணமாகிச் சில ஆண்டுகளும் கடந்துவிட்டன. அவ்வளவு பிந்திய மணவாழ்வு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது என்பதுதான் அதிசயம்! முதுமையில் கைப்பிடித்த கணவர் மறைந்த பின்னும் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தார்.

ரைட் சகோதரர்கள் 1903இல் முதன்முதலாகப் பறந்தபோது அவர் 26 வயதுப் பெண். 1987இல், நூற்றுப் பத்தாவது பிறந்தநாள் பரிசாக, ஒலியை விஞ்சும் கொன்கோர்ட் விமானத்திலே இலண்டனிலிருந்து நியூயோர்க் சென்று வந்தார்.

1993 மார்ச் 17ஆம் திகதி காலமானபோது அவருக்கு வயது 115 ஆண்டுகளும் 228 நாட்களும். நாளைக்கூட எண்ணிச் சொல்ல முடிகிறது, பாருங்கள். பிரித்தானியாவில் மிக நீண்ட காலம் வாழ்ந்தவர் என்ற பெயர் 32 ஆண்டுகள் அவரிடமே இருந்தது. 2025இல் அவரை முந்தியவரும் ஓர் ஆங்கிலப் பெண்மணியே: 1909 ஓகஸ்ட் 21இல் பிறந்த எதெல் கேற்றர்ஹம்.