பாஸ்டனைவிட மூத்த ஓட்டம்

நம் வளாகத்து ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் போன மாதம் நடந்த வாக்குவாதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜனவரியில் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கும் ஏழு பேர், டிசம்பரில் நம் பகுதியில் நடக்கும் 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொள்ளலாமா, கூடாதா? இதுதான் விஷயம். "பொதுத் தேர்வுக்கு முன்னால் திருப்புதல் தேர்வு எழுதுவதில்லையா?" என்று ஏ பிளாக் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கேட்டார். "திருப்புதல் தேர்விலேயே கையை உடைத்துக்கொண்டால் பொதுத் தேர்வை எப்படி எழுதுவது சார்?" என்று உடனே ஒருவர் பதில் போட்டார்.

அந்தப் பதில் யாரைப் பற்றியது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றியதுதான். போன வருஷம் அதே 10 கிலோமீட்டர் ஓட்டத்தில், பி பிளாக்கில் கல்லூரி படிக்கும் ஒரு தம்பியை எப்படியாவது முந்திவிட வேண்டும் என்று ஓடினேன். எட்டாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. நாலு மாசப் பயிற்சி அங்கேயே முடிந்தது. ஜனவரியில் நம்மவர்கள் ஓடியபோது நான் சாலையோரம் வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அந்த ஆறு வாரத்தில்தான் மாரத்தான் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். நம் வாட்ஸ்அப் சண்டைக்கு 130 வயதாகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பெரிய ஓட்டத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஓட்டம் ஓடுவது மாரத்தான் பிறந்த வருஷத்திலேயே தொடங்கிவிட்டது.

1896-இல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக். மாரத்தான் கிராமத்திலிருந்து ஏதென்ஸ் வரை சுமார் 40 கிலோமீட்டர் ஓட்டம். ஆட்களைத் தேர்ந்தெடுப்பதற்காக கிரேக்கர்கள் அதே சாலையில் முன்கூட்டியே இரண்டு தகுதி ஓட்டங்கள் நடத்தினார்கள். முதலாவதில் ஜெயித்தவர் கரிலாவோஸ் வசிலாகோஸ், 3 மணி 18 நிமிஷத்தில். இரண்டாவது ஓட்டத்தில் மரூசி என்ற ஊரைச் சேர்ந்த, தண்ணீர் சுமந்து விற்கும் தொழில் செய்த ஸ்பிரிடோன் லூயிஸ் ஐந்தாவதாக வந்தார். ஐந்தாவது இடத்தை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

ஏப்ரல் 10-ஆம் தேதி ஒலிம்பிக் மைதானத்துக்குள் முதலில் நுழைந்தவர் அந்த லூயிஸ்தான். 2 மணி 58 நிமிஷம் 50 விநாடி. தகுதி ஓட்டத்தைவிடச் சுமார் 20 நிமிஷம் குறைவு. முதல் தகுதி ஓட்டத்தில் ஜெயித்த வசிலாகோஸ் ஏழு நிமிஷத்துக்கு மேல் பிந்தி இரண்டாவதாக வந்தார். (மூன்றாவதாக வந்த இன்னொரு கிரேக்கர் வழியில் கொஞ்ச தூரம் வண்டியில் ஏறி வந்தது தெரிந்து நீக்கப்பட்டார். நம் குழுவிலும் ஷேர் ஆட்டோ யோசனை உள்ளவர்கள் கவனிக்கவும்.)

இதை வைத்துச் சின்ன ஓட்டத்தால் பலன் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடுத்து சொல்லப்போகும் ஊருக்கு அந்தச் சின்ன ஓட்டம்தான் பேரையே வாங்கிக் கொடுத்தது.

கானடாவில் ஒன்டாரியோ ஏரியின் மேற்கு முனையில் ஹாமில்டன் என்று ஒரு தொழில் நகரம். ஊரை ஒட்டி ஒரு விரிகுடா. ஏரிக்கும் விரிகுடாவுக்கும் நடுவே நீளமான ஒரு மணல் திட்டு. பழவேற்காடு போனவர்களுக்குச் சட்டென்று படம் புரியும். இந்த விரிகுடாவை ஒரு சுற்றுச் சுற்றினால் அந்தக் காலப் பாதையில் 19 மைல் 168 கெஜம், அதாவது முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1894 கிறிஸ்துமஸ் அன்று, உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றும் ஒரு சுருட்டுக் கடைக்காரரும் சேர்ந்து இந்தச் சுற்றில் பந்தயம் வைத்தார்கள். டிசம்பர் குளிரில் ஓட வந்தவர்கள் 13 பேர். ஜெயித்தவர் எடுத்த நேரம் 2 மணி 14 நிமிஷம்.

அப்போது பாஸ்டன் மாரத்தானே கிடையாது. அது 1897-இல்தான் ஆரம்பித்தது. ஹாமில்டன்காரர்கள் இன்றைக்கும் தங்கள் ஓட்டத்தைப் பாஸ்டனைவிட மூத்தது என்று சட்டையில் அச்சடித்துப் பெருமைப்படுவது இதனால்தான்.

ஹாமில்டனில் ஓடிப் பழகியவர்களுக்குப் பாஸ்டன் ரொம்பத் தூரமாகத் தெரியவில்லை. 1900 ஏப்ரலில் சிலர் ரயிலேறிப் பாஸ்டன் போனார்கள். முதலிடம் ஜாக் கேஃப்ரி, 2 மணி 39 நிமிஷம் 44 விநாடி. இரண்டாமிடம் பில்லி ஷெரிங். மூன்றாமிடம் ஃப்ரெட் ஹியூசன். மூன்று பேரும் ஹாமில்டன்காரர்கள்! அடுத்த வருஷமும் கேஃப்ரி வந்து, பத்து நிமிஷத்துக்கு மேல் குறைத்து 2:29:23-இல் ஜெயித்துவிட்டுப் போனார்.

ஒரே ஊருக்கு மூன்று இடமும் எப்படி? நான் படித்ததையும் அனுபவத்தையும் சேர்த்து எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். உடம்பில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து எரிபொருள் பெரும்பாலானவர்களுக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் தீர ஆரம்பிக்கும். மாரத்தான் ஓடியவர்கள் "சுவரில் மோதியது மாதிரி" என்று சொல்வார்களே, அது இந்த இடம்தான். ஹாமில்டன் பந்தயம் அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் முடிந்துவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் மற்றவர்களோடு போட்டி போட்டு ஓடிய பழக்கம் வந்துவிடும். எந்தச் செருப்பு கடிக்கும், எப்போது தண்ணீர் குடிக்க வேண்டும், ஆரம்பத்தில் எவ்வளவு அடக்கி வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆனால் முழு மாரத்தான் ஓடினால் ஆகும் சேதாரம் ஆகாது. தனியாக விடியற்காலையில் ஓடும் பயிற்சியில் இது கிடைக்காது. பக்கத்தில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும்போதுதான் நம் புத்தி எப்படி மாறுகிறது என்று நமக்கே தெரியும். எனக்கு எட்டாவது கிலோமீட்டரில் தெரிந்தது.

பில்லி ஷெரிங்கின் கதையைத் தனியாகவே எழுதலாம். ரயில்வே தொழிலாளி, ஒல்லியான ஆள். ஹாமில்டன் பந்தயத்தை 1899-லும் 1903-லும் ஜெயித்தவர். 1906-இல் ஏதென்ஸில் மறுபடி ஒரு ஒலிம்பிக் போட்டி வைத்தபோது அங்கே போகப் பணம் போதவில்லை. கையில் சேர்ந்த கொஞ்சப் பணத்தைச் சிசிலி என்ற குதிரையின் மேல் கட்டினார். குதிரை ஜெயித்தது, ஷெரிங் கப்பலேறினார். (இந்த நிதி திரட்டும் முறையை நம் சங்கப் பொருளாளர் பின்பற்ற வேண்டாம்.) போட்டிக்குப் பல வாரங்கள் முன்பே போய்ச் சேர்ந்து, அந்த வெயிலிலேயே ஓடிப் பழகினார். இரண்டாவதாக வந்தவரைவிட ஏறக்குறைய ஏழு நிமிஷம் முந்தி, 2 மணி 51 நிமிஷத்தில் முடித்தார். கடைசிக் கொஞ்ச தூரம் கிரேக்க இளவரசர் ஜார்ஜ் அவர் பக்கத்திலேயே ஓடி வந்தார். பரிசுகளில் ஒன்று உயிருள்ள ஓர் ஆட்டுக்குட்டி.

ஆனால் நம் வாக்குவாதத்துக்கு நேராகப் பதில் சொல்கிறவர் டாம் லாங்போட்.

லாங்போட் கானடாவின் பூர்வகுடி மக்களில் ஒனொண்டாகா இனத்தவர். ஹாமில்டனுக்குத் தெற்கே கிராண்ட் நதிக்கரையில் உள்ள ஆறு குலங்களின் குடியிருப்பில் பிறந்தவர். அந்தக் காலத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, தாய்மொழி பேசவிடாமல் வளர்க்கும் விடுதிப் பள்ளிகள் இருந்தன. அப்படி ஒரு பள்ளியில் சேர்த்தபோது இரண்டு முறை தப்பி ஓடினார். கலெடோனியா என்ற பக்கத்து ஊரில் வருஷா வருஷம் மே மாதம் ஐந்து மைல் பந்தயம் நடக்கும். 1905-இல் அதில் இரண்டாவதாக வந்தார். 1906-இல் ஜெயித்தார். அதே வருஷம் அக்டோபரில் ஹாமில்டன் விரிகுடா ஓட்டத்தில் வந்து நின்றபோது ஊரில் யாருக்கும் அவரைத் தெரியாது. பந்தயம் கட்டுகிறவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்த ஜான் மார்ஷ் மேல்தான் பணம் போட்டிருந்தார்கள். முடிவுக்கு அருகில் தப்பான வழியில் திரும்பி, மறுபடி சரியான வழிக்கு வந்தும் லாங்போட் சில நிமிஷ வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஐந்து மைல், அப்புறம் முப்பது கிலோமீட்டர், அப்புறம் பாஸ்டன். 1907 ஏப்ரல் 19. ஆலங்கட்டியும் பனியும் கலந்த மழை. வழியில் ஃப்ரேமிங்ஹாமில் ஒரு சரக்கு ரயில் சாலையைக் கடந்தது. முன்னால் ஓடிய லாங்போட்டும் இன்னும் சிலரும் ரயில் வருவதற்குள் தாண்டிவிட்டார்கள். மற்றவர்கள் ரயில்வே கேட்டில் நிற்கும் நம்மைப் போல நின்றார்கள். லாங்போட் 2 மணி 24 நிமிஷம் 24 விநாடியில் முடித்தார். கேஃப்ரியின் பழைய சாதனையைவிடச் சரியாக ஐந்து நிமிஷத்துக்கு ஒரு விநாடி குறைவு. (அப்போது பாஸ்டன் ஓட்டம் சுமார் 39 கிலோமீட்டர்தான். 42.195 என்ற கணக்கு 1908 லண்டன் ஒலிம்பிக்கில்தான் வந்தது. அதனால் இன்றைய நேரங்களோடு ஒப்பிட வேண்டாம்.)

இவ்வளவு ஜெயித்தவரைப் பத்திரிகைகள் என்ன சொல்லித் திட்டின தெரியுமா? சோம்பேறி என்று. லாங்போட் தினமும் உயிரைக் கொடுத்து ஓடமாட்டார். ஒரு நாள் கடுமையாக ஓடுவார், அடுத்து நீண்ட தூரம் நடப்பார், அப்புறம் சும்மாவும் இருப்பார். பயிற்சியாளர்களுக்கும் மேலாளருக்கும் இது பிடிக்கவில்லை. தினமும் வியர்வை சிந்தாதவன் உழைக்காதவன் என்று எழுதினார்கள். பூர்வகுடி ஆள் என்பதால் அப்படி எழுத அவர்களுக்குக் கூடுதல் வசதி. கடைசியில் தன் ஒப்பந்தத்தைத் தானே பணம் கொடுத்து மீட்டுக்கொண்டு, தன் வழியிலேயே பயிற்சி செய்தார். இன்றைக்கு எந்தப் பயிற்சி அட்டவணையை எடுத்தாலும், கடின நாளுக்கு அடுத்தது எளிய நாள் என்றுதான் இருக்கிறது.

1908 லண்டன் ஒலிம்பிக்கில் வெயில் நாளில் பாதிக்கு மேல் ஓடிவிட்டுத் தளர்ந்து விழுந்தார். ஆனால் அதே டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கத் தோட்ட உள்ளரங்கில், லண்டனில் பேர் வாங்கிய இத்தாலியர் டொராண்டோ பியத்ரியைத் தோற்கடித்தார். முதல் உலகப் போரில் பிரான்ஸில் செய்தி கொண்டு ஓடும் சிப்பாயாக இருந்தார். இறந்துவிட்டார் என்று ஒரு தடவை தவறாக ஊருக்குத் தகவலே போய்விட்டது. பிற்காலத்தில் டொரான்டோ மாநகராட்சியில் துப்புரவுப் பணி. 1949-இல் காலமானார்.

ஹாமில்டன் ஓட்டம் இன்றும் நடக்கிறது, 30 கிலோமீட்டர்தான். ஆனால் இப்போது மார்ச் கடைசியில் வைக்கிறார்கள். பாஸ்டன் ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை. நடுவே மூன்று நான்கு வாரம். பாதையின் பிற்பகுதியில் மேடு பள்ளங்கள் வரிசையாக வரும், பாஸ்டனில் நியூட்டன் பகுதியில் வருவது போல. அதனால் பாஸ்டனுக்குப் போகிற நிறையப் பேர் முதலில் இங்கே வந்து தங்களைச் சோதித்துக்கொள்கிறார்கள். சிலர் முழு வேகத்தில் ஓடுகிறார்கள். சிலர் பாஸ்டனில் ஓட நினைக்கும் வேகத்திலேயே ஓடி, மூச்சு மிச்சம் வைத்து முடிக்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்து யார் எந்த ரகம் என்று வெளியாள் கண்டுபிடிக்க முடியாது.

இனி நம் டிசம்பர் விஷயம். ஏழு பேரில் ஐந்து பேர் ஓடுவதாக முடிவு செய்திருக்கிறோம். ஹெட்மாஸ்டர் சார் சொன்ன யோசனைப்படி, பந்தயத்துக்கு முன்னால் ஐந்து கிலோமீட்டர் மெதுவாக ஓடி, பந்தயத்தை மாரத்தான் வேகத்தில் முடித்து, பிறகு வீட்டுக்கும் மெதுவாக ஓடியே திரும்புகிறோம். மொத்தம் 20 கிலோமீட்டர் ஆகிவிடும். பி பிளாக் தம்பியும் வருகிறான். அவன் முன்னால் போனால் போகட்டும் என்று எல்லார் முன்னிலையிலும் என் மனைவி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

ஞாயிறு காலை 4.30-க்கு மெயின் கேட்டில் கூடுகிறோம். திரும்பி வரும்போது கேட்டருகே தண்ணீரும் எலுமிச்சை ஜூஸும் கொடுக்க இரண்டு பேர் தேவை. முடிந்தவர்கள் செக்யூரிட்டி அறையில் உள்ள நோட்டில் பெயர் எழுதவும். மறுநாள் திங்கட்கிழமை காலை நடைபாதையில் எங்கள் ஐந்து பேரையும் காணவில்லை என்றால், சோம்பேறிகள் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.