பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் அதன் பிரதியும்

சரித்திர ஞாபகச் சின்னங்கள் இருவகைப்படும். எஞ்சியதைப் பேணிக் காப்பது ஒன்று. அழிந்ததைப் புதிதாக நிருமாணிப்பது மற்றொன்று. தூத்துக்குடி மாவட்டம் பாஞ்சாலங்குறிச்சியில் இவ்விரண்டையும் ஒருங்கே காணலாம். இராயபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் பனியன் தொழிலை நம்பி வாழும் நம் குடும்பத்தார் விடுமுறை நாட்களில் தென்னாட்டு ஸ்தலங்களுக்கு யாத்திரை செல்வதுண்டாதலின், அவ்வூரின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் முன்னரே தென்பாண்டி நாட்டில் கும்பினியாருக்கு எதிராக வாள் உயர்ந்தது. 1799 செப்டம்பர் 5-ஆம் நாள் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினான். வீரபாண்டிய கட்டபொம்மன் பின்னர்ப் பிடிபட்டு, அவ்வாண்டு அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். கோட்டையும் இடிக்கப்பட்டது.

1801 பிப்ரவரியில் அவன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பி வந்தான். சில நாட்களுக்குள் மக்கள் மண் சுமந்து கோட்டையை மீண்டும் எழுப்பினர். இடித்தொழித்ததாக எண்ணியிருந்த கோட்டை நிமிர்ந்து நிற்பதைக் கண்டு கும்பினிப் படையினர் திகைத்தனர். மார்ச்சு 31-இல் அவர்கள் தொடுத்த தாக்குதல் பெருஞ்சேதத்துடன் முறியடிக்கப்பட்டது. மே 24-ஆம் நாள்தான் கோட்டை வீழ்ந்தது. பின்னர் அதனைத் தரைமட்டமாக்கி, அந்நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்பர்.

இன்று அங்கே நாம் காணும் கம்பீரமான கோட்டை 1974-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு எழுப்பியது. உட்சுவர்களில் போர் நிகழ்ச்சிகள் சித்திரங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. அருகே பழைய கோட்டையின் எச்சங்களும், போரில் மாண்ட ஆங்கிலேயரின் கல்லறைகளும் உள்ளன.

ஈண்டு நம் பிள்ளைகளுக்கு ஒன்றை விளக்க வேண்டும். புதுக் கட்டடம் பழைய கோட்டையின் உருவப் பிரதி அன்று. பழையது மண்ணாலாயது, முள்வேலி சூழ்ந்தது. உயர்ந்த மதில்களைக் கண்டு, அவையே பகைவரைத் தடுத்தன என்று இளைஞர் கருதிவிடின், கூடை கூடையாக மண் சுமந்தவர்களை மறந்தவராவர். அவர்கள் ஒரு குலத்தார் அல்லர். மக்கள் போற்றும் வெள்ளையத்தேவன், சுந்தரலிங்கம், தானாபதிப் பிள்ளை ஆகியோர் வெவ்வேறு குலத்தில் தோன்றி ஒரே கோட்டைக்காக உயிர் நீத்தவர்கள். அவ்வீரர்களின் பெருமையை இக்காலத்தில் குலந்தோறும் பங்கிட்டுக்கொண்டு பூசலிடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

ஒரு சாதிச் சங்கத்தின் இதழில் இதனை எழுதுவது பொருந்துமோ என்று சிலர் வினவலாம். பொருந்தும் என்பதே எம் கருத்து. தம் குலத்தின் நலம் பேணுதல் சங்கத்தின் கடமை. பிறர் செய்த தியாகத்தை மதித்தலும் அக்கடமையின் பாற்பட்டதே. 1932 ஜனவரியில் நம் திருப்பூர் வீதியில் கொடியேந்தி அடிபட்டு வீழ்ந்த குமரனை எல்லோரும் எம்மவன் என்றே கொண்டாடுகின்றோம். பாஞ்சாலங்குறிச்சி வீரரையும் அவ்வண்ணமே கொண்டாடுவோமாக. அங்குச் செல்லும் அன்பர்கள், அரசு எழுப்பிய கோட்டையைக் கண்டபின், அருகிலுள்ள மண்மேட்டையும் தம் மக்களுக்குக் காட்டி வருவார்களாக.