டர்ன் ஆன் தி பிரைட் லைட்ஸ்

நியூயார்க்கின் இன்டர்போல் ராக் குழு வெளியிட்ட முதல் ஆல்பம். 1970-களின் இறுதியில் பிரிட்டனில் பிறந்த போஸ்ட்-பங்க் இசை, 2000-ஐ ஒட்டி நியூயார்க்கில் மறுபடி தழைத்தது. அந்த அலையில் வந்த ஆல்பங்களில் மிக ஆழமானது இதுவே.

டேனியல் கெஸ்லர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1997-இல் குழு உருவாயிற்று. கார்லோஸ் டெங்லர் பேஸ் கிட்டார் வாசித்தார். பால் பேங்க்ஸ் பாடினார். டிரம்ஸுக்கு 2000-இல் சாம் ஃபோகரினோ வந்து சேர்ந்தார். பிபிசி வானொலியில் ஜான் பீல் 2001-இல் இவர்களை வாசிக்கவைத்தார். மாட்டடோர் இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் செய்தது அதற்குப் பிறகுதான்.

கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில், பீட்டர் கேட்டிஸின் டார்குவின் ஸ்டூடியோவில் 2001 நவம்பரில் ஒலிப்பதிவு நடந்தது. கேட்டிஸுடன் காரெத் ஜோன்ஸும் தயாரிப்பில் பங்கேற்றார். நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. ‘என்ஒய்சி’ பாடல் அதற்கு முன்பே எழுதப்பட்டது. ஆனாலும் துயரத்தில் இருந்த நகரத்தின் குரலாகவே பலர் அதைக் கேட்டார்கள்.

பேங்க்ஸின் கனத்த குரல் போஸ்ட்-பங்க் குழுவான ஜாய் டிவிஷனின் பாடகர் இயான் கர்ட்டிஸை நினைவூட்டுவதாக விமர்சகர்கள் சொன்னார்கள். குரலைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஆல்பம் முழுவதையும் நகல் என்று சிலர் தள்ளியது அநியாயம். இதன் பலம் நால்வரின் பின்னலில் இருக்கிறது. மெட்டைச் சுமப்பது பெரும்பாலும் டெங்லரின் பேஸ். கிட்டாரில் கெஸ்லரும் பேங்க்ஸும் ஒரே ஸ்வரக்கோவையை இரட்டிப்பதில்லை. ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் நுழைகிறார். ‘பிடிஏ’வின் பிற்பகுதியில் பாட்டு ஓய்ந்து, கிட்டார்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது இது தெளிவாகக் கேட்கும். ‘அப்ஸ்டக்கிள் 1’ பாடலில் அதே பின்னல் பதற்றமாக மாறுகிறது. பொருள் பிடிபடாத வரிகளையும் உணர்ச்சியோடு நம்மிடம் சேர்ப்பது இந்த வாசிப்புதான்.

11 பாடல்கள் கொண்ட ஆல்பம் அமெரிக்காவில் 2002 ஆகஸ்ட் 20 அன்று வெளியானது. பில்போர்டு 200 பட்டியலில் 158-ஐத் தாண்டி முன்னேறவில்லை. ஆனால் பிட்ச்ஃபோர்க் இதழ் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக இதைத் தேர்ந்தெடுத்தது. டெங்லர் 2010-இல் விலகினார். பத்தாம் ஆண்டையொட்டி 2012-இல் மறுபதிப்பு வந்தது. 2017-இல் முழு ஆல்பத்தையும் மேடையில் வாசித்தார்கள். இதற்குப் பின் இன்டர்போல் வெளியிட்ட எந்த ஆல்பமும் இந்த உயரத்தை எட்டவில்லை.