திண்டுக்கல் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் மருத்துவம்

கருப்பைவாய்ப் புற்றுநோய், ஹெச்பிவி என்னும் வைரஸ் தொற்று நெடுநாள் நீடிப்பதால் வருவது. தொற்று புற்றாக முற்றப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் ஒரே நாளில் முடியும் சிகிச்சை போதும். புற்றானபின், தொடக்க நிலையிலேயே வந்தால் கர்ப்பப்பையை அகற்றலாம். அதையும் தாண்டி வருபவருக்கு அறுவை சிகிச்சை பயன்படாது, கதிரியக்கமும் மருந்தும்தான். எனவே இந்நோயில் எந்தப் பெண் எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் வருகிறார் என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.

திண்டுக்கல் வட்டாரத்தில் பெண்களுக்கான நவீன மருத்துவத்துக்கு டாக்டர் டி. எஸ். சௌந்திரம் 1947இல் சின்னாளபட்டியில் தொடங்கிய சிறு மருத்துவமனை அடித்தளமிட்டது. அதுவே பின்னர் காந்திகிராமம் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. மேற்கே ஒட்டன்சத்திரத்தில் 1955இல் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவமனை எழுந்தது. அதன் அருகே அம்பிலிக்கையில் அமைந்த சமூக நல மையத்தில் இருந்தபடி ஊர் ஊராகத் தகவல் திரட்டிய புற்றுநோய்ப் பதிவேட்டில், பெண்களைத் தாக்கும் புற்றுகளுள் கருப்பைவாய்ப் புற்றே முன்னின்றது.

அந்தப் பதிவேடு இருந்ததால்தான் அடுத்த முயற்சி கைகூடியது. அம்பிலிக்கை மையமும் சென்னை அடையாறு புற்றுநோய் மையமும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் கைகோத்து, 2000இல் மாவட்டத்தில் பெரும் ஆய்வு ஒன்றைத் தொடங்கின. 114 ஊர்த்தொகுதிகள் இரு பாதியாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். மறு பாதியில் 30,958 பேர் வழக்கமான மருத்துவ வசதியோடு விடப்பட்டனர்.

முறை எளிது. பயிற்சி பெற்ற செவிலியர், வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தை 4 சதவீதக் கரைசலாகப் பஞ்சில் தோய்த்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து விளக்கொளியில் பார்ப்பார். ஓரம் தெளிவான வெண்திட்டு தென்பட்டால் உருப்பெருக்கியால் ஆராய்ந்து திசு எடுப்பார். உரிய புண் என்றால் அங்கேயே கிரையோதெரபி: உறைகுளிர் வாயு செலுத்திய உலோக நுனியை வைத்துத் திசுவை உறையச் செய்தல். 'ரிசல்ட் வந்ததும் மறுபடி வாருங்கள்' என்ற பேச்சில்லை. செல்களைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பும் பாப் ஸ்மியரைவிட இது கிராமத்துக்குப் பொருந்தியதற்கு முதன்மைக் காரணம் அதுதான். பெரிய புண்ணோ புற்றோ உள்ளவர்கள் மட்டுமே மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர்.

அழைக்கப்பட்டவர்களில் 31,343 பேர், அதாவது 63.6 சதவீதத்தினர் வந்தனர். புற்றுக்கு முந்தைய புண் காணப்பட்ட 1,874 பேரில் 72 சதவீதத்தினர் சிகிச்சை பெற்றனர். 2006 வரை தொடர்ந்து கண்காணித்ததில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007இல் 'லான்செட்' இதழ் இதை வெளியிட்டது. இவ்வளவு மலிவான முறையால் உயிர் காக்கலாம் என்பதற்கு உலகுக்குக் கிடைத்த வலுவான சான்று இது. ஆனால் ஒப்பீட்டுக்காகப் பரிசோதனையின்றி விடப்பட்ட ஊர்களில் 92 பெண்கள் இதே நோயால் இறந்தனர். அது அறமா என்ற கேள்வி பின்னர் மருத்துவ அறவியல் இதழ்களில் எழுந்தது. எழ வேண்டிய கேள்விதான்.

தமிழக அரசு இதே முறையைத் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாக நடத்தி, 2012 முதல் மாநிலமெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டு சென்றது.

அறுவை மருத்துவமோ வேறு வழியில் வளர்ந்தது. வயிற்றைத் திறந்து செய்த கர்ப்பப்பை நீக்கம், சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கு மாறியது. 2005இல் அமெரிக்காவில் டாவின்சி ரோபோவுக்கு மகளிர் நோய் அறுவைகளில் அனுமதி கிடைத்தது. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து, முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கைப்பிடிகளை அசைக்க, வயிற்றுக்குள் கருவியின் நுனி மணிக்கட்டாகத் திரும்பும். தழும்பு சிறிது, இரத்த இழப்பு குறைவு, வீடு திரும்புவதும் விரைவு. தமிழக அரசு மருத்துவமனைகளில் முதலாவதாக, சென்னை ஓமந்தூரார் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022இல் ரோபோ அறுவை மையம் திறக்கப்பட்டது.

நார்க்கட்டி, கருப்பையின் உட்புறப் புற்று போன்றவற்றுக்கு ரோபோ கைகொடுக்கிறது. கருப்பைவாய்ப் புற்றில் கதை வேறு. 631 பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், திறந்த அறுவை செய்துகொண்டவர்களில் 96.5 சதவீதத்தினர் நாலரை ஆண்டுக்குப் பின்னும் நோயின்றி இருந்தனர். லேப்ராஸ்கோப்பி அல்லது ரோபோ வழி அறுவைக்கு உட்பட்டவர்களில் 86 சதவீதத்தினரே அப்படி இருந்தனர். அதன்பின் இந்நோய்க்கான விரிந்த கர்ப்பப்பை நீக்கத்தில் பழைய திறந்த முறையே மீண்டும் பரிந்துரையானது. இங்கே விலையுயர்ந்த கருவி இல்லாத மருத்துவமனை பின்தங்கியது என்று சொல்வதற்கில்லை.

மீண்டும் திண்டுக்கல்லுக்கு வந்தால், அங்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பங்களின் புற்றுநோய் சிகிச்சைச் செலவையும் ஏற்கிறது. 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக ஹெச்பிவி தடுப்பூசி போடும் திட்டத்தை 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது.