நோயிலும் திருமணத்திலும் சாவிலும்: புதுச்சேரிக் கத்தோலிக்கத்தில் இடம் கேட்டவர்கள்

ஞானஸ்நானம் பெற்ற எல்லாரும் ஒரே குடும்பம் என்று திருச்சபை போதித்தது. புதுச்சேரியில் அந்தப் போதனைக்குச் சோதனை வந்ததெல்லாம் பிள்ளை பிறந்த வீட்டிலும் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும்தான். ஒருவரை அவருடைய சபை உண்மையிலேயே ஏற்றுக்கொண்டதா என்பது அங்கேதான் தெரிந்தது.

இதற்கு நமக்குக் கிடைக்கும் தெளிவான முதற்சான்று 1704-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. போப்பாண்டவரின் தூதராகச் சீனா செல்லும் வழியில் தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். சேசு சபையாரின் இல்லத்தில் சுமார் எட்டு மாதம் தங்கினார்; பெரும்பாலும் நோயுற்றுக் கிடந்தார். மதுரை, கர்நாடக மிஷன்களின் ஊர்களை நேரில் பார்க்காமலே 1704 ஜூன் 23-இல் 16 பிரிவுகள் கொண்ட ஆணையில் கையெழுத்திட்டார். 'மலபார்ச் சடங்குகள்' விவாதம் என்று வரலாற்றில் பேசப்படுவது இந்த ஆணையையொட்டி மூண்டதுதான். ஆணையைப் படிப்பவருக்கு அது ஒரு மனித ஆயுளையே வரிசையாகத் தொட்டுச் செல்வது தெரியும். குழந்தைக்கு ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடக் கூடாது, பூப்புச் சடங்கைக் கொண்டாடக் கூடாது, தாலியில் பிள்ளையார் உருவம் இருக்கக் கூடாது, மாதவிலக்கு நாளில் பெண்ணைக் கோயிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் விலக்கக் கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது.

என் பார்வையில் அவற்றுள் மிகக் கனமானது நோயாளிகள் பற்றிய பிரிவு. பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் குருவானவர் அந்த வீட்டுக்குள் போய்த்தான் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்றது ஆணை. அதுவரை நடந்தது வேறு. சந்நியாசி கோலத்தில் வாழ்ந்த மிஷனரிகள் சேரி வீடுகளுக்குள் போவதில்லை. போனால் உயர்சாதியார் தங்களை அண்டமாட்டார்கள் என்று அஞ்சினார்கள். அதனால் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தவரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓரிடத்துக்கு வர வேண்டியிருந்தது. சேசு சபையாரின் கணக்கு புரியாததல்ல. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் சாகக் கிடந்த ஏழைகள். 40 ஆண்டு வழக்காடலுக்குப் பின், 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் போப் இந்தத் தடைகளையும் கடமைகளையும் உறுதிசெய்தார்.

மறு ஆண்டே புதுச்சேரியில் சேரிக் கிறித்தவர்கள் தாங்களே பேசினார்கள். அதைத் தம் நாட்குறிப்பில் நமக்குச் சொல்பவர் கிறித்தவரல்லாத ஆனந்தரங்கப் பிள்ளை. சேசு சபையாரின் சம்பா கோயிலுக்குள் வடபுறத்தில் தொடக்கத்திலிருந்தே ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் பறையர், மறுபுறம் சாதிக் கிறித்தவரும் ஐரோப்பியரும் சட்டைக்காரர் எனப்பட்ட கலப்பினத்தாரும். 1745 அக்டோபரில் சேரி மக்கள் திரண்டு போய், தாங்களும் சீடர்கள்தானே, ஆண்டவர் பேதம் பார்ப்பதில்லையே என்று பெரிய சாமியாரிடம் முறையிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதைக் கண்ட அவர் சுவரை இடிக்கச் சொன்னார். அன்று எல்லாரும் கலந்து நின்று பூசை கண்டார்கள். சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்து பாதிரியாரோடு சண்டைக்குப் போனார்கள். பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கூட்டம் கூடுவதைத் தடுக்க வேண்டியதாயிற்று. காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியாரின் தூண்டுதல்தான் காரணம் என்று பிள்ளை கருதுகிறார். தூண்டுதல் இருந்திருக்கலாம். ஆனாலும் கேள்வி கேட்டவர்கள் அந்த மக்களே என்பதை அவருடைய குறிப்பே காட்டிவிடுகிறது.

சாதிக் கிறித்தவர்களின் தலைவர் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷ் (மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும்) கனகராய முதலியார். அதே 1745 நவம்பரில், இறந்துபோன தம் மகனின் நினைவாக உழவர்கரையில் புனித அந்திரேயாவுக்குக் கட்டிய கோயிலைத் திறந்து, ஊருக்கே விருந்து வைத்தார். பிள்ளையின் குறிப்பில் அந்தப் பந்திகள் சாதிவாரியாக விரிகின்றன. மகனை இழந்த தகப்பன் தன் துக்கத்தை விசுவாசத்தின் வழியே ஊரோடு பகிர முயன்றார். அந்த ஊர் அவருக்குச் சாதிகளாகத்தான் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் அவரும் போய்விட்டார்.

    

1761-இல் ஆங்கிலேயர் அந்தச் சம்பா கோயிலைத் தரைமட்டமாக்கினர். இன்று மிஷன் வீதியில் நிற்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயம் 1791-இல் எழுந்தது. 

பிறகு சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. 1873-இல் காலில் பூட்சோடு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை பாரிஸ் வரை போய் வென்றார். அதன் பின் வந்த 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி வழக்குகளைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்பவர்கள் ரெனோன்சான்கள் ஆனார்கள். பொன்னுத்தம்பியும் லாபோர்த் என்ற குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். இப்படிப் பெயர் மாற்றிக்கொண்டவர்களில் கிறித்தவர்களும், அவர்களிலும் ஒடுக்கப்பட்ட சாதியாரும் கணிசம். கோயிலுக்குள் கிடைக்காத சமநிலையைப் பதிவேட்டில் தேடினார்கள் என்று இதை நான் வாசிக்கிறேன். விடுதலைக்குப் பின் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறித்தவர்களுக்கு அரசுப் பதிவேட்டிலும் சிக்கல் வந்தது. 1964-இல் புதுச்சேரிக்கென வந்த பட்டியல் சாதிகள் ஆணையில் கிறித்தவர்களுக்கு இடமில்லை.

திருச்சபைக்குள்ளும் பேதம் தீரவில்லை. புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்கள் பிணங்களைப் பங்குக் கோயிலுக்குப் போகும் பொதுத்தெரு வழியே கொண்டுபோக முடியவில்லை. 2008 மார்ச் 9-இல் அங்கே சாதிக் கிறித்தவர்களோடு மூண்ட மோதலில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டுக்கு இருவர் பலியானார்கள். தலித் மக்களுக்கு எதிரான பாகுபாடு திருச்சபைக்குள் இருப்பதை 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் கொள்கை ஆவணத்தில் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. 1745-இல் சேரி மக்கள் கேட்டது சுவரை இடித்து எல்லாரோடும் உட்கார வைக்கும்படி. 2008-இல் எறையூர் தலித்துகள் கேட்டது தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கித் தரும்படி.