மின்சாரச் சைக்கிளும் மண்ணெண்ணெய்க் காலமும்

2022 ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் வெள்ளவத்தைக் காலி வீதியில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அந்த விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தாலும் பெற்றோல் இல்லை. ஜூன் 27 நள்ளிரவு முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. வாகனங்கள் வரிசையில் நாட்கணக்காகக் காத்துக் கிடக்க, வீதியைச் சைக்கிள்கள் எடுத்துக்கொண்டன. அடுத்து வந்த கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள்.

கொழும்புக்கு அது புதுமை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறியவர்களுக்கோ அது பழைய கதை.

அந்த நாட்களில் எங்கள் தொடர்மாடியில் ஒருவர் மலிவான மடிப்பு மின்சாரச் சைக்கிளொன்றைப் பழையதாக வாங்கினார். மடித்தால் லிஃப்டுக்குள் அடங்கிவிடும்; வெள்ளவத்தை வாழ்க்கைக்கு அதைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை. 2023இல் எரிபொருள் பங்கீடு நீங்கிய பின்பும் அதை அவர் விற்கவில்லை. இப்போது அதை ஓடுபவர் அவருடைய மகன். 25 கிலோமீற்றர் வேகம் அவருக்குப் போதவில்லை. 36 வோல்ற் பற்றரியைக் கழற்றிவிட்டு 48 வோல்ற் பற்றரி பூட்ட விரும்பினார். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த திருத்துநர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன்.

சைக்கிளைச் சுற்றிப் பார்த்த அந்த முதியவர் பற்றரியைத் தொடவேயில்லை. "தம்பி, முதலிலை பிறேக்கைப் பிடிச்சுக் காட்டும்" என்றார். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வார்த்தைதான்.

அவர் தொழில் பழகியது தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் ரயில் நின்றது. குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றது. பெற்றோலும் ரோச் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ-40 காரையும் சில துளி பெற்றோலால் முடுக்கி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். புகை கக்கினாலும் அவை ஓடின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். டைனமோ தருவது ஆடலோட்ட மின்சாரம். அதை நேரோட்டமாக்க டயோட் வேண்டும். பௌதிகவியல் பாடத்தை அடுப்படியில் செய்து பார்த்த தலைமுறை அது. சுற்றுகிற கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோர்ந்துவிடும்.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பல குடும்பங்களின் வீடு முழுவதும் ஒரு சைக்கிளின் மேல்தான் இருந்தது. எவ்வளவு பாரத்தை அதன் சட்டம் தாங்கும் என்பது அப்போது உயிரோடு ஒட்டிய கேள்வி.

மின்சாரச் சைக்கிள் நாம் நினைப்பதைவிட மிகப் பழையது. அமெரிக்கரான ஒக்டன் போல்ற்றன், பின்சில்லின் நடுவே மோட்டார் பொருத்திய சைக்கிளுக்கு 1895 டிசம்பர் 31 அன்று காப்புரிமை பெற்றார். இன்றைய மலிவுச் சைக்கிள்களிலும் மோட்டார் இருக்கும் இடம் அதுவே. அன்று குறையாக இருந்தது பற்றரி. ஈயப் பற்றரி பாரம் மிகுந்தது. சேமிக்கும் சக்தியோ சொற்பம். 1991இல் சோனி நிறுவனம் லிதியம் அயன் பற்றரியைச் சந்தைக்குக் கொண்டுவந்ததன் பின்னரே இந்த வண்டிக்கு விடிவு பிறந்தது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு சோடி ரோச் பற்றரி கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்கிறேன்.

இனி அந்த இளைஞரின் ஆசைக்கு வருவோம். 36 வோல்ற் பற்றரியில் 10 கலங்கள் வரிசையாக இணைந்திருக்கும். முழுதாக மின்னேற்றினால் 42 வோல்ற். 48 வோல்ற் பற்றரியில் 13 கலங்கள். முழு ஏற்றத்தில் 54.6 வோல்ற். கொன்ரோலர் எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டி இந்த அழுத்தத்தைத் தாங்காவிட்டால் எரிந்துபோகும். தாங்கினால், மோட்டாரின் வேகம் ஏறத்தாழ வோல்ற்றின் விகிதத்தில் கூடும். 25 கிலோமீற்றர் 33 ஆகும். ஆனால் நிறுத்தும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. வேகம் மூன்றில் ஒரு பங்கு ஏறினால் பிறேக் பிடித்த பின் ஓடும் தூரம் முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். சிறிய சில்லு, குழிகள் நிறைந்த வீதி, நடுவில் ஒரு மடிப்பு மூட்டு. முதியவர் பிறேக்கைக் கேட்டதன் நியாயம் இதுதான்.

அவர் சொன்ன வரிசை எளிமையானது. முதலில் பிறேக் கட்டைகளையும் வடத்தையும் மாற்று. மடிப்பு மூட்டின் ஆட்டத்தை நீக்கு. நல்ல ரயர் போட்டு, காற்றைச் சரியாக அடி. அதன்பின் வோல்ற்றை மாற்றாமல் கொள்ளளவைக் கூட்டு. 36 வோல்ற், 10 அம்பியர் மணி பற்றரியில் 360 வாற் மணி சக்தி உண்டு. கிலோமீற்றருக்கு 12 வாற் மணி செலவானால் 30 கிலோமீற்றர் ஓடலாம். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்து திரும்ப அது தாராளம். பழைய கலங்களை ஒட்டிச் செய்த, பாதுகாப்புச் சுற்று இல்லாத மலிவுப் பற்றரியை மாத்திரம் வாங்காதே. இரவில் வீட்டினர் உறங்கும்போது மாடிவீட்டுக்குள் மின்னேறப்போவது அதுதான்.

இளைஞரின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார். புறக்கோட்டையில் பிறேக் கட்டைகளும் ரயரும் வாங்கிக் கொடுத்தோம். அடுத்த நாள் மாலை சைக்கிள் தயாராகியது. வேகம் ஒரு கிலோமீற்றர்தானும் கூடவில்லை. திரும்பி வரும்போது, பம்பலப்பிட்டியில் ஒரு பஸ் திடீரெனக் குறுக்கே ஒதுங்கி நின்றதாம். அதன் பின்புறத்துக்கு ஒரு முழம் முன்னால் தனது சைக்கிள் நின்றதை அவரே எனக்கு வந்து சொன்னார். 48 வோல்ற் பற்றரியைப் பற்றி அன்று அவர் பேசவில்லை.